ஜார்ஜியா, 1868 – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக் காலத்தைப் பற்றி ஓர் உரை கேட்டேன். விடுதலை பெற்ற அடிமைகள் தெற்கு மாநிலச் சட்டமன்றங்களில் ஊழலும் குளறுபடியுமாக ஆண்டார்கள், அதில் வெறுத்துப்போய்த்தான் வெள்ளையர்கள் ஆட்சியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்றார் பேச்சாளர். மனதுக்கு உறுத்தியது, மறுக்கத் தெரியவில்லை. அது உண்மையா?

கே., கோவை

அன்புள்ள கே.,

இந்தக் கதை பல பத்தாண்டுகள் அமெரிக்கப் பாடப்புத்தகங்களிலேயே இருந்தது. கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஒரே ஒரு மாநிலத்தின் தேதிகளைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஜார்ஜியாவின் புதிய சட்டமன்றம் 1868 ஜூலை 4 அன்று அட்லாண்டாவில் கூடியது. இரு அவைகளுக்கும் சேர்த்து 219 இடங்கள். கறுப்பின உறுப்பினர்கள் முப்பத்துச் சொச்சம் பேர்தான். போரில் தோற்ற தெற்கு மாநிலம் மீண்டும் அமெரிக்க ஒன்றியத்தில் சேர வேண்டுமானால், குடியுரிமையை உறுதிசெய்யும் அமெரிக்க அரசமைப்பின் 14ஆம் திருத்தத்தை ஏற்றாக வேண்டும். ஜூலை 21 அன்று ஏற்றார்கள். அதுவரை அங்கே இருந்த ராணுவ ஆட்சி விலகியது.

செப்டம்பர் 3 அன்று கீழவை தன் கறுப்பின உறுப்பினர்களை வெளியேற்றியது. சில நாட்களில் மேலவையும் அதையே செய்தது. அவை கூடி இரண்டே மாதம்! இதில் ஊழலுக்கு எங்கே நேரம்? சொன்ன காரணமும் ஊழல் அல்ல. மாநில அரசமைப்புச் சட்டம் கறுப்பினருக்கு வாக்குரிமை தந்திருக்கிறது, பதவி வகிக்கும் உரிமை தந்ததாக எந்த வரியும் இல்லை என்றார்கள். வெள்ளைத் தோற்றமுள்ள நான்கு பேரின் ரத்தத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆப்பிரிக்கக் கலப்பு என்று நிரூபிக்க முடியாததால் அவர்களை மட்டும் விட்டுவைத்தார்கள். காலியான இடங்களில், தேர்தலில் தோற்ற வெள்ளையர்களை உட்கார வைத்தார்கள். அன்று தெற்கு வெள்ளையர்களின் கட்சியாக இருந்த ஜனநாயகக் கட்சியினர் மட்டும் இதைச் செய்திருக்க முடியாது. கறுப்பினர் ஆதரித்த குடியரசுக் கட்சியின் வெள்ளையர் பலர் கூடவே வாக்களித்தார்கள், அல்லது ஒதுங்கி நின்றார்கள். என்னை மிகவும் வதைப்பது அந்த ஒதுங்கல்தான்.

அன்று ஹென்றி மெக்நீல் டர்னர் பேசினார். போதகர், போரில் கறுப்பினப் படைப்பிரிவின் மதகுரு. அந்த அரசமைப்பை எழுதிய அவையிலும் இருந்தவர். அங்கே நேற்றைய எதிரிகளிடம் பெருந்தன்மை காட்ட வேண்டும் என்று வாதாடியவர். இப்போது அவர், உரிமைக்காக எந்தக் கட்சியின் முன்னாலும் குழைய மாட்டேன், கெஞ்ச மாட்டேன், அதைக் கேட்டு வாங்கவே வந்திருக்கிறேன் என்றார்.

செப்டம்பர் 19 அன்று, வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவரான ஃபிலிப் ஜாய்னர், ஆல்பனியிலிருந்து கமிலா என்ற ஊருக்குத் தேர்தல் கூட்டம் நடத்த ஊர்வலம் போனார். ஊருக்குள் நுழைந்ததும் வெள்ளையர்கள் ஊர்வலத்தினரைச் சுட்டார்கள். சுமார் ஒரு டஜன் பேர் செத்தார்கள். நவம்பரில் அதிபர் தேர்தல். கறுப்பின வாக்காளர்களே பெரும்பான்மையாக இருந்த 11 கவுண்டிகளில் (மாவட்டம் போன்றவை) குடியரசுக் கட்சிக்கு ஒரு வாக்குகூடப் பதிவாகவில்லை.

பிறகு 1869 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றமே கறுப்பினர் பதவி வகிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. சட்டமன்றம் அசையவில்லை. வாஷிங்டன் தலையிட்டு, ராணுவம் திரும்பி வந்து, 1870 ஜனவரியில்தான் அவர்கள் தங்கள் இருக்கைகளுக்குத் திரும்பினார்கள். அதே ஆண்டின் இறுதித் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வென்றது.

தெற்கில் ஊழல் இருந்ததா என்றால், இருந்தது. அதே ஆண்டுகளில் நியூயார்க் நகரின் கஜானாவை ட்வீட் என்ற வெள்ளை அரசியல்வாதியின் கும்பல் சூறையாடிக்கொண்டிருந்தது. அதற்காக நியூயார்க் வெள்ளையர்கள் ஆளத் தகுதியற்றவர்கள் என்று யாரும் எழுதவில்லை.

1907க்குப் பிறகு ஜார்ஜியா சட்டமன்றத்தில் ஒரு கறுப்பினர்கூட இல்லை. அடுத்தவர், லீராய் ஜான்சன், 1962இல்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார். டர்னர் அதைப் பார்க்கவில்லை. எதிரிகளிடம் பெருந்தன்மை கேட்ட அந்த மனிதர், பிற்காலத்தில் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போய்விடுவோம் என்று தன் மக்களிடம் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார்.