ரஜூலாவுக்குச் சாயம் பூசும் முன்

வணக்கம் அண்ணா,

ஈசூனிலிருந்து எழுதுகிறேன். என் தாத்தா 1950களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறி சிங்கப்பூர் வந்தவர். அந்தக் கப்பலை மாதிரியாகச் செய்து அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குக் கொடுக்க ஆசை. கைப்பழக்கத்துக்காக முதலில் 1/72 அளவில் ஒரு விமான கிட் வாங்கிக் கட்டினேன். ஒட்டியது, பெயிண்ட் அடித்தது எல்லாம் நன்றாகவே வந்தன. கடைசியில் மேட் வார்னிஷ் கேனை எடுத்து வீட்டு வாசலில் வைத்து அடித்தேன். அப்போதுதான் மழை விட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் விமானம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களான டீகால்களுக்கு அடியிலும் வெள்ளி மாதிரி மினுங்குகிறது. ஹாபி கடையில் பழக்கமான நண்பர் ஒருவர், "சாயத்தைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷும் அதற்குக் காற்று தரும் கம்ப்ரசரும் வாங்கிவிடு, இந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்துவிடும்" என்கிறார். விமானத்தைக் காப்பாற்ற முடியுமா? ரஜூலாவை எதில் கட்டலாம், எப்படிச் சாயம் பூசி முடிக்கலாம்? எட்டு வயது மகளும் கூடவே உட்காருகிறாள், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

ச., ஈசூன்

அன்புள்ள தம்பி,

விமானம் பிழைத்துக்கொள்ளும். கவலை வேண்டாம்.

நடந்தது இதுதான். லாக்கர் வகை வார்னிஷில் உள்ள கரைப்பான் வெகு வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர வைக்கும். சுற்றியுள்ள காற்றில் ஈரம் மிகுதியாக இருந்தால், அந்தக் குளிர்ந்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் படிந்து, காயும் படலத்துக்குள் சிக்கிக்கொள்ளும். நீங்கள் பார்த்த வெள்ளைப் பூப்பு அதுதான். நம் ஊரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில் பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். மழை விட்டவுடன் கேனை எடுத்தால் எந்த நிறுவனத்தின் லாக்கர் வார்னிஷும் பூக்கக்கூடும். ஈரப்பதம் காட்டும் சிறிய கருவி ஒன்றை வாங்கி மேசையில் வையுங்கள். அது 70க்கு மேல் காட்டினால் நான் லாக்கர் கேனைத் தொடுவதில்லை. வெயில் உள்ள நாளில் மதியம் இரண்டு, மூன்று மணி நல்ல நேரம். இன்னொன்று, ஏர்கோன் அறையில் குளிர்ந்து கிடந்த மாதிரியை நேரே வாசலுக்குக் கொண்டுவந்து அடிக்காதீர்கள். குளிர்ந்த பிளாஸ்டிக் மேல் நம் வெளிக்காற்று பட்டாலே ஈரம் படியும். வெளிச்சூட்டுக்கு அது பழகட்டும், அப்புறம் அடியுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: காய்ந்த ஒரு பிற்பகலில், அதே நிறுவனத்தின் பளபளப்பு கிளியர் லாக்கரை இறக்கையின் அடிப்பக்கத்தில் மட்டும் மெல்லிசாக அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் பூப்பு மறைந்து அடியிலுள்ள நிறம் திரும்ப வந்துவிடும். வந்தால் மற்ற இடங்களுக்கும் அடியுங்கள். டீகால் உள்ள இடத்தில் முதல் இரண்டு பூச்சு மிக மெல்லிசாக இருக்கட்டும். ஈரமாக ஊற்றி அடித்தால் லாக்கர் டீகாலைச் சுருக்கிவிடும். வெள்ளை அப்படியே நின்றால், காய்வதை மெதுவாக்கும் ரிடார்டர் கலந்த தின்னரைத் தெளிக்க வேண்டும். மிஸ்டர் கலர் வரிசையில் 'லெவலிங் தின்னர்' என்று விற்பது அந்த வகைதான். அதைத் தெளிக்க ஏர்பிரஷ் வேண்டும். அதற்கு அந்த நண்பரையே ஒரு மதியம் வீட்டுக்கு அழைக்கலாம்.

டீகால் மினுங்குவதற்குக் காரணம் வேறு. மேட் பெயிண்டின் பரப்பு நுணுக்கமாகச் சொரசொரப்பானது. அதன் மேல் டீகாலை ஒட்டினால் குழிகளில் காற்று தங்கிவிடும். அந்தக் காற்றுதான் வெள்ளியாகத் தெரிகிறது. டீகால் ஒட்டுமுன் பளபளப்பான ஒரு பூச்சு கொடுத்திருக்க வேண்டும். ஒட்டி முடித்த பிறகே மேட். உங்கள் டீகால் மேல் ஏற்கெனவே வார்னிஷ் ஏறிவிட்டதால் முழுதாகச் சரியாகும் என்று உறுதி சொல்ல மாட்டேன். மினுங்கும் இடத்தில் நுண்ணிய ஊசியால் சில துளைகள் குத்தி, டீகாலை இளக்கும் திரவமான மைக்ரோ சால் அல்லது மிஸ்டர் மார்க் சாஃப்டர் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். துளை வழியே உள்ளே இறங்கினால் டீகால் இளகிப் பரப்போடு படியும்.

சரி, ஏர்பிரஷ். உங்கள் நண்பர் நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் இந்த இடத்தில் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. ஏர்பிரஷ் அருமையான கருவி, ஒருநாள் வாங்கத்தான் போகிறீர்கள். ஆனால் உங்களுக்கு வந்த இரண்டு தொல்லைகளில் ஒன்று காற்றால் வந்தது, இன்னொன்று அடிப்பரப்பால் வந்தது. ஏர்பிரஷ் இரண்டையும் தீர்க்காது. கம்ப்ரசர் காற்றை அழுத்தும்போது சூடேற்றும். அது குழாயில் ஆறும்போது ஈரம் நீராகத் திரளும். ஈரம் பிடிக்கும் வடிகட்டி இல்லாவிட்டால் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் மாதிரி மேல் தெறிக்கும். மலிவான கம்ப்ரசரோடு வரும் வடிகட்டி நம் ஈரத்துக்கு அடிக்கடி போதாமல் போகும். கைப்பிடிக்கு அருகே இன்னொன்று மாட்ட வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு வீவக அடுக்குமாடி வீட்டில் ஆவியை வெளியேற்ற ஜன்னலுக்குக் குழாய் போகும் ஸ்பிரே பெட்டி, அண்டை வீட்டுக்காரர் மூக்கைப் பற்றிய அக்கறை என்று செலவும் பொறுப்பும் நீண்டுகொண்டே போகும். அந்தப் பணத்தில் கால்வாசியை உப்புத்தாளுக்கும், சாயத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான நல்ல பிரைமருக்கும் போடுங்கள். பூச்சின் அழகு பூச்சுக்கு அடியில்தான் தீர்மானமாகிறது. இதை நான் மனதார நம்புகிறேன். கீழே வரும் எல்லாமே இதைத்தான் சுற்றிச் சுற்றி வரும்.

ரஜூலாவைத் தேர்ந்தெடுத்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடிய அந்தக் கப்பலின் பெயரைக் கேட்காமல் வளர்ந்த பழைய தமிழ்க் குடும்பம் இங்கே குறைவு. 1926இல் கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் தளத்தில் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கம் வரை ஓடியது. நீளம் ஏறத்தாழ 145 மீட்டர். 1/700 அளவில் செய்தால் 21 சென்டிமீட்டர்தான் வரும். கைவேலைக்கு மிகச் சிறிது. 1/350 எடுங்கள். 41 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அலமாரியில் கச்சிதமாக உட்காரும். கைப்பிடிக் கம்பி, ஏணி போன்றவற்றை இந்த அளவுக்குப் பித்தளைத் தகட்டில் அரித்து விற்கிறார்கள். அதுவும் ஒரு வசதி.

உடற்பகுதிக்கு மரம்தான் என் பரிந்துரை. பால்சா வேண்டாம். மிக மிருதுவானது, நகம் பட்டாலும் பள்ளம் விழும், அதன் நார்க்கோடுகளை அடைப்பதற்குள் பொறுமை போய்விடும். பாஸ்வுட் பலகை வாங்குங்கள். கட்டடக்கலை மாணவர்கள் மாதிரி செய்ய அதைத்தான் வாங்குகிறார்கள், பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பக்கம் போனால் கிடைக்கும். கப்பலின் வரைபடத்தில் நீர்மட்டத்துக்கு இணையாக உள்ள ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பலகை வெட்டி, அடுக்கி ஒட்டி, படிகளை இழைத்துச் செதுக்கினால் உடல் வடிவம் வந்துவிடும். மேல்தளக் கட்டுமானங்களுக்கு அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் பாலிஸ்டைரின் தகடு. கத்தியால் ஒரு கீறு போட்டு ஒடித்தால் நேராக உடையும். டாமியா நிறுவனத்தின் பச்சை மூடி போட்ட மெல்லிய பசையை இரு தகடுகள் சேரும் விளிம்பில் தொட்டால் தானே உள்ளே ஓடும். அது பிளாஸ்டிக்கையே கரைத்து இணைக்கும் பசை. மரத்துக்கும் பித்தளைக்கும் உதவாது.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் இடம். மரம் நம் காற்றில் ஈரத்தைக் குடித்து உப்பும், ஏர்கோனில் சுருங்கும். பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சில மாதங்களில் பலகை சேரும் கோடுகள் மேலே எழுந்து தெரியும். அதனால் அடிப்பாகம், உட்குழிவு, திருகு ஆணி போகும் துளை என்று ஓரிடம் விடாமல், மரத்தின் நுண்துளைகளை மூடும் சாண்டிங் சீலர் கொடுத்து அடையுங்கள். பிறகு பட்டி பாருங்கள். நார்க்கோடுகளுக்கு மிஸ்டர் சர்ஃபேஸர் 500 என்ற கெட்டியான நிரப்புப் பூச்சு நல்லது. தூரிகையால் பூசி, நன்றாகக் காய விட்டு, 240 எண் உப்புத்தாளில் தொடங்கி 400, 600, 1000 என்று போங்கள். எண்ணைத் தாண்டிக் குதிக்காதீர்கள்; 240 போட்ட கீறலை 1000 அழிக்காது, அதை மினுக்கித்தான் காட்டும். சீலர் முழுமையாக ஏறிய பிறகு 400க்கு மேல் எல்லாம் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். தூசி கிளம்பாது, தாளும் அடைத்துக்கொள்ளாது. சிறிய மரத்துண்டில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால்தான் பக்கவாட்டு சமமாக வரும். விரலால் தேய்த்தால் அலை அலையாகப் பள்ளம் விழும்.

அப்புறம் சாம்பல் பிரைமர். கப்பல் கறுப்புதானே, கறுப்பு பிரைமர் போட்டால் வேலை மிச்சம் என்று தோன்றும். வேண்டாம். கறுப்பு குறைகளை மறைத்து வைத்து, பளபளப்பு ஏறியதும் காட்டிக்கொடுக்கும். சாம்பல் நிறம் இப்போதே காட்டும். டாமியாவின் ஃபைன் சர்ஃபேஸ் பிரைமர் கேன் போதும். காய்ந்ததும் அறை விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைக் கப்பலின் முனையிலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். மேடு பள்ளம் எல்லாம் நிழல் போடும். மறுபடி பட்டி, மறுபடி உப்புத்தாள், மறுபடி பிரைமர். சலிப்பாக இருக்கும். பக்கவாட்டு ஜன்னல் துளைகளை இந்தக் கட்டத்திலேயே போட்டுவிடுங்கள். அசலில் 35 சென்டிமீட்டர் உள்ள வட்ட ஜன்னல் இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர். கையால் சுழற்றும் சிறு துளைப்பானில், டேப்பின் விளிம்பை வழிகாட்டியாக ஒட்டி வரிசை தவறாமல் துளையுங்கள். கண் முதலில் கண்டுபிடிப்பது கோணலான ஜன்னல் வரிசையைத்தான்.

நிறத்துக்கு வருவோம். ரஜூலாவை ஓட்டிய பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் அடையாளம், கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். வெள்ளையை முதலில் அடியுங்கள். கறுப்பு மேல் வெள்ளை ஏறப் பல பூச்சு வேண்டும், தடிக்கும். வெள்ளை காய்ந்ததும் பட்டை அகலத்துக்குப் புது பிளேடால் வெட்டிய டேப்பைச் சுற்றி, டேப் விளிம்பில் மறுபடி கொஞ்சம் வெள்ளை கொடுங்கள். ஊறுவதானால் அந்த வெள்ளை ஊறி விளிம்பை அடைத்துவிடும். அதன் பிறகு அடிக்கும் கறுப்பு உள்ளே போகாது. டேப்பை நிமிர்த்தி இழுக்காமல், தன் மேலேயே மடித்துப் படுக்கை வாட்டில் எடுங்கள். கறுப்பும் முழுக் கறுப்பாக வேண்டாம். தூரத்தில் நிற்கும் கப்பலின் கறுப்பைக் காற்று வெளுக்க வைக்கிறது. கைக்குள் அடங்கும் கப்பலில் சுத்தக் கறுப்பு பொம்மைத்தனமாகத் தெரியும். டாமியாவின் எக்ஸ்எஃப்-69, எக்ஸ்எஃப்-85 இரண்டும் கறுப்பை ஒட்டிய அடர்சாம்பல், எனக்குப் பிடித்தவை. ஆனால் டாமியா அக்ரிலிக்கைத் தூரிகையால் பூசினால் கோடு விழும். தூரிகைக்கு வயேஹோ நிறுவனத்தின் அக்ரிலிக் நன்றாகப் படியும். தண்ணீர் விட்டு மோர் பதத்துக்குக் கலக்கி, ஒரு பூச்சு முழுதாகக் காய்ந்த பின் அடுத்தது. அழுக்கு, துரு காட்ட எண்ணெய்ச் சாயத்தையோ எனாமலையோ கரைத்து விடலாம், அதற்கு முன் அக்ரிலிக் மேல் ஒரு கிளியர் பூச்சு இருக்கட்டும். லாக்கருக்கு மேல் அக்ரிலிக் போகலாம், அதன் மேல் எனாமல் போகலாம். எனாமல் மேல் லாக்கர் அடித்தால் அடியிலுள்ளது சுருங்கிவிடும்.

கப்பலின் பெயர் வெள்ளை எழுத்து. வீட்டு அச்சு இயந்திரத்தில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை டீகால் தாளில் பின்னணியைக் கறுப்பாக அச்சடித்து எழுத்தை மட்டும் வெறுமையாக விடுங்கள். கறுப்பு பொருந்தாத ஓரத்தைத் தூரிகையால் தொட்டுவிடலாம்.

உயிர்காப்புப் படகுகளுக்கு ஒன்று செதுக்கி, சிலிகான் அச்சு எடுத்து, ரெசினில் வார்ப்பது வழக்கம். இங்கே ஒரு எச்சரிக்கை: பாலியூரிதேன் ரெசின் திறந்த புட்டியில் நம் ஈரத்தைக் குடித்து, ஊற்றும்போது நுரைத்துக் குமிழி விடும். சிறிய புட்டியாக வாங்கி, ஒரே உட்காரலில் எல்லாப் படகையும் வார்த்து முடியுங்கள். ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது, ஈரத்தில் வைத்தே தேயுங்கள்.

மகள் பக்கத்தில் இருக்கும்போது லாக்கரும் சூப்பர் குளூவும் வெளியே வரக்கூடாது. நீங்கள் தனியாக அடிக்கும்போதும் கரிம ஆவியை வடிகட்டும் குப்பி பொருத்திய முகமூடி போடுங்கள். மருத்துவ முகமூடி ஆவியைத் தடுக்காது. அவளுக்கு நீர்ச் சாயமும் தூரிகையும் கொடுத்துத் தளத்தைப் பூசச் சொல்லுங்கள். இன்னும் நல்ல வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் தாத்தா தளப் பயணியாக வந்திருந்தால், வெயிலுக்கும் மழைக்கும் மேலே கட்டிய கித்தானுக்கு அடியில்தான் படுத்து வந்திருப்பார். டிஷ்யூ தாளைத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்துக் கம்பிகள் மேல் போர்த்தினால், தொய்வோடு கூடிய அந்தக் கித்தான் அப்படியே வரும். சின்ன விரல்களுக்கு ஏற்ற வேலை. இந்த அளவில் ஒரு மனிதர் ஐந்து மில்லிமீட்டர் உயரம். கித்தான் உயரத்தை அதை வைத்துத் தீர்மானியுங்கள்.

தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தொகுப்பில் பழைய கப்பல் படங்களைத் தேடிப் பாருங்கள். தாத்தா வந்த ஆண்டுக்கு நெருங்கிய படத்தையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கப்பலின் தோற்றம் நாற்பத்தைந்து ஆண்டில் மாறாமல் இருக்காது. ஒரு ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு மேக்ஸ்வெல் சாலை நகரக் கண்காட்சிக் கூடத்துக்கும் போய்வாருங்கள். அங்கே நகர மையத்தின் மாதிரி 1:400 அளவில் இருக்கிறது, உங்கள் அளவுக்குக் கிட்டத்தட்ட சமம். இந்த அளவில் எதைச் செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது நேரில் பார்த்தால் விளங்கும்.

விமானத்தின் இறக்கை அடியில் அடித்துப் பார்த்ததும் எப்படி வந்தது என்று எழுதுங்கள். அன்றைய ஈரப்பதத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்.