இராணுவச் சேவைக்குப் பின் வணிக ஆலோசகராக எந்தப் பட்டம் படிக்கலாம்?

கேட்டவர் தந்திருக்கும் விபரம் இதுதான்: பெற்றோர் யாழ்ப்பாணத்தவர், அவர் வளர்ந்தது அமெரிக்காவில், அந்நாட்டு இராணுவத்தின் வழங்கற் பிரிவில் அவருடைய நான்காண்டுச் சேவை அடுத்த ஆண்டு முடிகிறது, வணிக ஆலோசனைத் துறைக்குப் போக விரும்புகிறார், தகப்பனாரோ கணினி விஞ்ஞானம்தான் படிக்கவேண்டும் என்கிறார். கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தின் ஆலோசனைப் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது யாழ்ப்பாணத்தில் சிறு தொழில்களுக்கு வணிகத் திட்டம் எழுதிக் கொடுப்பவன் நான். இதே வழியால் போன என் அண்ணன் மகனின் விண்ணப்பங்களையும் கூட இருந்து பார்த்திருக்கிறேன்.

தம்பி, பட்டத்தின் பெயரைத் தெரிவதற்கு முன், உங்களுக்குரிய 36 மாதக் கல்வி உதவியை எங்கே செலவிடுவது என்று தீர்மானியுங்கள். 36 மாத முழுநேரச் சேவையை முடித்து நன்மதிப்புடன் விலகுபவருக்கு, அங்கே ஜீ.ஐ. பில் எனப்படும் இந்தக் கல்வி உதவி முழு அளவில் கிடைக்கிறது: அரச பல்கலைக்கழகமாயின் கல்விக்கட்டணம் முழுவதும், அதோடு மாதாந்த வாடகைப்படியும், புத்தகங்களுக்கு ஆண்டுக்கு 1,000 டொலர் வரையும். ஆனால் ஒரு கல்வியாண்டுக்கு ஏறக்குறைய ஒன்பது மாதம் கழிவதால், நான்காண்டு இளமாணிப் பட்டமே அந்த 36 மாதத்தையும் விழுங்கிவிடும், பின்னர் எம்.பி.ஏ. படிக்க நினைத்தால் கையில் ஒன்றும் இராது. மெக்கின்சி, பெய்ன், பொஸ்டன் கன்சல்டிங் குரூப் போன்ற பெரிய ஆலோசனை நிறுவனங்களுக்குள் நுழைய இளமாணி முடித்தவுடன் ஒரு வாசலும், எம்.பி.ஏ.க்குப் பின் அதைவிட உயர்ந்த படியில் இன்னொரு வாசலும் உண்டு. பல எம்.பி.ஏ. கல்லூரிகள் இராணுவச் சேவையை வேலை அனுபவமாகவே எடுத்துக்கொள்வதால், உங்களுக்கு இரண்டாவது வாசல்தான் கூடப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

ஆகவே சேவையில் இருக்கும் இந்த ஓராண்டை வீணாக்காதீர்கள். இராணுவம் தரும் ‘டியூஷன் அசிஸ்டன்ஸ்’ பணத்தில் பொதுப் பாடங்களைப் படித்தால் அந்த 36 மாதத்தில் ஒரு நாளும் குறையாது. வகுப்புக்குப் போகாமலே பாடப் புள்ளி பெற உதவும் ‘கிளெப்’ பரீட்சைகளாலும், இராணுவப் பயிற்சிகளுக்குரிய ‘ஜொயின்ட் சர்வீசஸ்’ சான்றுப் பத்திரத்தாலும் மேலும் சில பாடப் புள்ளிகளைப் பெறலாம். இவற்றில் எத்தனையை ஏற்பார்கள் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். நீங்கள் போக நினைக்கும் இடத்திடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். இப்படி ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ மிச்சப்பட்டால், அது இரண்டாண்டு எம்.பி.ஏ.யின் பாதிக்கோ அதற்கு மேலோ போதும்.

இனிப் பாடம். தகப்பனார் சொல்வது தவறில்லை. நிரலாக்கத்தில் உங்களுக்கு விருப்பம் இருந்தால் அதுவும் நல்ல வழிதான். விருப்பம் இல்லாவிட்டால், நான்கு ஆண்டுகளாகக் களஞ்சியத்தோடும் உதிரிப்பாகங்களோடும் பழகியவர் ஏன் அதை விட்டுவிட்டு வரவேண்டும்? விநியோகச் சங்கிலி முகாமைத்துவத்தை முதன்மைப் பாடமாகவும், கணக்கியலையோ புள்ளிவிபரவியலையோ துணைப் பாடமாகவும் எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். மிச்சிகன் ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் இரண்டும் இத்துறையில் பெயர்பெற்ற அரச பல்கலைக்கழகங்கள். 2014இல் வந்த சட்டத்தின்படி, ஜீ.ஐ. பில்லில் வருபவர் வேறு மாநிலத்தவராக இருந்தாலும் உள்ளூர்க் கட்டணமே அறவிடப்படும். வெறும் பொது முகாமைத்துவப் பட்டத்தை நான் சொல்லமாட்டேன். ஆலோசகரின் வேலை என்பது பெரும்பாலும் வாடிக்கையாளரின் இருப்புக் கணக்கையும் செலவுக் கணக்கையும் பிரித்துப் பார்த்து, பணம் எங்கே ஒழுகுகிறது என்று காட்டுவதுதான். ஐந்தொகை வாசிக்கத் தெரியாதவர் அங்கே வாய்ச்சொல்லால் மட்டும் நெடுநாள் நிற்க முடியாது.

முழுவதும் இணையவழியில் படிக்க வேண்டாம். வாடகைப்படி தேசிய சராசரியின் பாதியாகக் குறைந்துவிடும் என்பது ஒரு காரணம். நிறுவனங்கள் ஆள் எடுக்க வருவது வளாகத்துக்கு என்பது அதைவிடப் பெரிய காரணம்.

யாழ்ப்பாணம் வந்து படிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கே திருநெல்வேலியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ வணிக பீடத்துக்கு, இலங்கை உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றிலிருந்து கணிக்கப்படும் இசட் புள்ளியே பிரதான வழி. அது உங்களுக்கு ஏற்ற பாதையல்ல. விடுமுறைக்கு வந்தால் மாத்திரம், உறவினர் ஒருவரின் கடையிலோ அரிசி ஆலையிலோ இரண்டு கிழமை இருந்து, சரக்கிருப்பையும் கடன் கொப்பியையும் ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதிப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் சிக்கலைக் கொடுத்து அவிழ்க்கச் சொல்லும் நேர்முகத் தேர்வுகளுக்கு அது நல்ல பயிற்சி.

இன்னொன்றும் உண்டு. எங்கள் வீடுகளில் ஒருவர் ஆமியில் இருந்ததைச் சபையில் சொல்லத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தின் காரணத்தை நான் உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ஆனால் அமெரிக்க நிறுவனத்துக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் அது முதல் பக்கத்திலேயே இருக்கவேண்டும், அதுவும் பதவிப் பெயராக அல்லாமல், எத்தனை பேரை நடத்தினீர்கள், எவ்வளவு பெறுமதியான பொருட்களுக்குப் பொறுப்பாக இருந்தீர்கள், எதை விரைவுபடுத்தினீர்கள் என்ற கணக்காக. சேவையை விட்டு வெளியேறுமுன் அந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்தபின் அந்தப் பதிவேடுகளைத் தேடிப் பிடிப்பது சிரமம்.