தட்டு சுழலும்போது வெடிமருந்து சிந்துவது பற்றி

உங்கள் டில்லன் 650 தோட்டா நிரப்பும் இயந்திரத்தில் 9 மி.மீ. தோட்டா நிரப்பும்போது, தோட்டாக் கூடுகளைத் தாங்கிச் சுழலும் தட்டு (ஷெல்பிளேட்) வெடுக்கென்று நகர்ந்து மருந்து சிந்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில், இதுவரை நிரப்பியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள், தயவுசெய்து சுட வேண்டாம். மருந்து குறைந்தால் குண்டு துப்பாக்கிக் குழலிலேயே சிக்கிக்கொள்ளலாம். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழலே வெடித்துவிடலாம்.

சரி, இப்போது இயந்திரம். பிரைமர்களையும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிகள்) மருந்தையும் முழுவதும் வெளியே எடுத்துவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஷெல்பிளேட்டைக் கழற்றுங்கள். அடியில் சிந்திய மருந்தும் பிரைமர் கரியும் சேர்ந்திருக்கும். துடைத்துவிட்டு, கிரீஸ் லேசாகத் தடவினால் போதும்.

அங்கே ஒரு சிறு எஃகு உருண்டையும் அதன் கீழே ஸ்பிரிங்கும் இருக்கும். தட்டின் குழியில் அந்த உருண்டை விழும்போதுதான் அந்த வெடுக்கென்ற அசைவு வருகிறது. 9 மி.மீ. கூடு குட்டையானது, மருந்து வாய்க்குப் பக்கத்திலேயே நிற்கும், அதனால் சட்டென்று சிந்தும். மென்மையான ஸ்பிரிங் போட்டுப் பாருங்கள், பெரிய வித்தியாசம் தெரியும்.

அப்புறம் நடு போல்ட். முழுக்க இறுக்கி, தட்டு தடையில்லாமல் சுழலும் அளவுக்கு மட்டும், சுமார் எட்டில் ஒரு சுற்று, தளர்த்திப் பூட்டுத் திருகை முடுக்குங்கள். இது தளர்ந்திருந்தால் பிரைமர்களும் சரியாக உள்ளே அமராது.

கைப்பிடியை மேலே விடும்போது கடைசிப் பகுதியில் மெதுவாக விடுங்கள். தட்டுக்கு மேலே ஒரு சிறு விளக்கு மாட்டி, குண்டு வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டின் உள்ளேயும் பாருங்கள்.