மொரீஷியஸ் லெ மோர்ன் ரிசார்ட் கோஸ்டரில் பெட்டிகள் அடங்கவில்லை

உங்கள் ரிசார்ட்டின் 25 இருக்கை கோஸ்டரில் (டொயோட்டா மினிபஸ்) 16 விருந்தினர் ஏறியதுமே பெட்டிகள் வழியை அடைக்கிறது என்றால், இன்னொரு கோஸ்டர் வாங்காதீர்கள். விமான நிலைய ஓட்டத்துக்கு, அடியில் சாமான் அறை உள்ள உயரமான கோச்சைப் போடுங்கள்.

வழக்கமான கோஸ்டரில் தரைக்கு அடியில் அந்த அறை கிடையாது. கடைசி வரிசைக்குப் பின்னால் உள்ள இடுக்குதான். பிளேசான்ஸ் விமான நிலையத்தில் இறங்குகிறவர்களோ ஆளுக்கொரு பெரிய பெட்டியோடு வருகிறார்கள். இருக்கைகளுக்கு நடுவே உள்ள நடைவழியில் மட்டும் பெட்டிகளை அடுக்கவே வேண்டாம். எங்கள் வண்டியில் ஒரு சடன் பிரேக்குக்கு, பெட்டி உருண்டு வந்து டிரைவர் சீட்டில் மோதியது.

வாங்குமுன் வண்டியை உங்கள் வாசலுக்கு வரச்சொல்லி, 28 அங்குலப் பெட்டிகளை நிஜமாகவே ஏற்றி எண்ணிப் பாருங்கள்.

கோஸ்டரை விற்றுவிடாதீர்கள். சமாரெல் மலைப்பாதை வளைவுகளில் அதுதான் லகுவாகத் திரும்பும்.