கணிதமா, குவாண்டமா?

கேள்வி: எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இயற்கணிதம் என்றால் உயிர். குவாண்டம் தகவலியலில் பிஎச்.டி. செய்ய ஆசை. ஆனால் இயற்பியலை பிளஸ் டூவோடு விட்டுவிட்டேன். "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வேண்டாம், ஏதாவது ஒன்றை முடிவு செய்" என்கிறார் என் பேராசிரியர். வீட்டில் "இன்னும் ஐந்து வருஷமா?" என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் பேராசிரியர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் இந்த விஷயத்தில் ஆறும் சேறும் வேறு வேறல்ல.

ஆய்லர் 1782-இல் எழுதிய புதிர் ஒன்று உண்டு. 6 படைப்பிரிவுகள், 6 பதவிகள், ஒவ்வொரு பிரிவிலும் ஒவ்வொரு பதவிக்கும் ஒருவர் என மொத்தம் 36 அதிகாரிகள். எந்த வரிசையிலும் எந்த நிரலிலும் ஒரே பிரிவோ ஒரே பதவியோ இரண்டு முறை வராமல் இவர்களைச் சதுரமாக நிறுத்த வேண்டும். முடியவே முடியாது என்று 1900-வாக்கில் டாரி நிரூபித்தார். கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 2022-இல் சென்னை ஐஐடியின் அருள் லட்சுமிநாராயணனும் போலந்து ஆய்வாளர்களும் சேர்ந்த குழு, அதிகாரிகளைக் குவாண்டம் நிலைகளாக எடுத்துக்கொண்டு, அவர்களின் பிரிவும் பதவியும் பிணைந்திருக்கவும் (ஒன்றைத் தனியாக, மற்றதைத் தனியாக என்று சொல்ல முடியாதபடி சேர்ந்திருக்கவும்) அனுமதித்தால் விடை உண்டு என்று காட்டியது. அந்தக் கட்டுரையின் முதல் பெயர், அப்போது சென்னை ஐஐடியில் ஆய்வு மாணவராக இருந்தவருடையது. இது தூய கணிதமா, குவாண்டமா? என்னால் பிரிக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். ஆபரேட்டர் அல்ஜீப்ரா என்பது முடிவிலாப் பரிமாண அணிகளைப் பற்றிய கணிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒரு வகையை எப்போதும் சாதாரண, முடிவுள்ள அணிகளால் நெருங்க முடியுமா என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் அலேன் கோன் 1976-இல் எழுப்பிய கேள்வி நாற்பது வருடத்துக்கு மேல் திறந்தே கிடந்தது. 2020-இல் அதற்கு 'இல்லை' என்ற விடை வந்தது குவாண்டம் கணிப்பியல் பக்கத்திலிருந்துதான்.

சரி, இயற்பியல் தெரியாதே என்கிறீர்கள். பிணைப்பு என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அதைக் கையில் எடுத்துப் பார்ப்போம். க்யூபிட் என்பது குவாண்டம் கணினியின் 'பிட்'. இரண்டு க்யூபிட்டின் நிலை என்பது நான்கு எண்கள். (1, 0, 0, 1) என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளத்தை அப்புறம் சரிசெய்துகொள்ளலாம். அந்த நான்கையும், முதல் இரண்டு மேலே, அடுத்த இரண்டு கீழே என்று, 2×2 அணியாக மடித்து எழுதுங்கள். அணிக்கோவை பூஜ்யம் என்றால் இரண்டும் தனித்தனி; பூஜ்யம் இல்லை என்றால் பிணைந்தவை. இங்கே வருவது அலகு அணி, கோவை 1. பிணைந்திருக்கிறது! பெரிய பரிமாணங்களில் அணியின் தரம் இதே வேலையைச் செய்யும். நீங்கள் ஏற்கெனவே படித்த பாடம்தானே இது? தொடங்குவதற்கு நேரியல் இயற்கணிதமும் டென்சர் பெருக்கமும் நிகழ்தகவும் போதும். ஃபங்க்ஷனல் அனாலிசிஸ் பேப்பரை மட்டும் தேர்வுக்காக இல்லாமல் ஆழமாகப் படியுங்கள்.

எங்கே சேர்வது என்பதைவிட யாரிடம் சேர்வது என்பதுதான் முக்கியம். கணிதத்தில் நெட் எழுதுங்கள், தேசிய உயர் கணித வாரியத்தின் (என்பிஎச்எம்) தேர்வையும் விடாதீர்கள். தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் கணிதம், கோட்பாட்டு இயற்பியல், கணிப்பியல் மூன்றும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. உங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய வசதி. கைடாக நினைப்பவரின் கடந்த மூன்று வருடக் கட்டுரைகளில் ஒன்றையாவது உட்கார்ந்து படித்துவிட்டு, அதில் புரியாத ஓர் இடத்தைக் கேட்டு மெயில் போடுங்கள். பொதுவாக "ஆர்வம் இருக்கிறது" என்று எழுதும் மெயிலுக்குப் பதில் வருவது அபூர்வம். அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்களோடு, அவர் இல்லாத இடத்தில், கட்டாயம் பேசுங்கள். கைடு சரியில்லாமல் பாதியில் நின்றுபோன கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வீட்டில் சொல்ல: நெட்டில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. அப்பா காசில் படிக்கப்போவதில்லை. ஆனால் முடித்ததும் நிரந்தர வேலை காத்திருக்கும் என்று அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். இடையில் வெளிநாட்டிலோ வெளியூரிலோ போஸ்ட்டாக் காலம், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி, சில வருடங்கள் ஆகும். அதையும் இப்போதே பேசிவிடுங்கள். பைத்தானும் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள், எந்தப் பக்கம் போனாலும் உதவும்.

பேராசிரியரிடம் ஆய்லர் புதிரைக் காட்டுங்கள், ரசிப்பார். அதற்கு முன் (1, 1, 1, 1), (1, 1, 1, -1) இரண்டையும் மடித்துப் பாருங்கள். எது பிணைந்தது, எது தனி என்று எனக்கு எழுதுங்கள்.