வக்காலத்தின் ஆயுள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் தென்மாவட்ட நகரில் நூறாண்டைக் கடந்த வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றின் மலருக்கு, அதன் வரலாற்றை எழுதித்தரச் சொல்லியிருக்கிறார்கள். நான் சட்டம் படித்தவன் அல்ல. என் தாத்தா அங்கே நாற்பது ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தார் என்பதே என் தகுதி. மும்பையின் கிராஃபர்ட் பெய்லி 1830 முதலும் கொல்கத்தாவின் ஃபாக்ஸ் அண்ட் மண்டல் 1896 முதலும் இயங்குகின்றன. நம் பக்கத்தில் அப்படி நீடித்தவை ஏன் இத்தனை குறைவு? இருப்பவற்றுக்கும் ஏன் வரலாறு எழுதப்படவில்லை? என் கையில் இருப்பவை முன்னோர் படங்கள் நான்கு மட்டுமே.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 3, விதி 4 பாதி விடை தருகிறது. தன் வழக்கை நடத்தும் அதிகாரத்தை வழக்கறிஞருக்குத் தந்து கட்சிக்காரர் எழுதித்தரும் வக்காலத்து, வழக்கு முடியாவிட்டாலும் அவரோ வழக்கறிஞரோ இறந்தால் முடிந்துபோகும். சட்டத்தின் கண்ணில் வழக்கை நடத்துபவர் ஒரு மனிதரே தவிர அலுவலகம் அல்ல. சீனியர் காலமானால் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் கட்சிக்காரர்கள் தங்கள் வழக்குக் கட்டுகளைக் கேட்டு வரத் தொடங்குவார்கள். எந்த ஜூனியரிடம் எத்தனை கட்டுகள் தங்குகின்றன என்பதைப் பொறுத்தே அந்த அலுவலகம் மிஞ்சும், அல்லது கலையும்.

மும்பையிலும் கொல்கத்தாவிலும் நிலைமை வேறு. 1862இல் உயர் நீதிமன்றங்கள் அமைந்தபோது, அவற்றின் அசல் வழக்குப் பிரிவில், அதாவது மேல்முறையீடாக அன்றி நேரடியாக அங்கேயே தொடுக்கப்படும் வழக்குகளில், வாதாடுவது இங்கிலாந்தில் பட்டம் பெற்ற பாரிஸ்டரின் வேலையாகவும், கட்சிக்காரரைச் சந்தித்து ஆவணங்களைத் திரட்டி வழக்கை உருவாக்கித் தருவது அட்டர்னியின் வேலையாகவும் இருந்தது. பாரிஸ்டரின் புகழ் அவரோடு போய்விடும். அட்டர்னியின் இரும்புப் பெட்டியில் இருக்கும் பத்திரங்களோ கூட்டாளி ஒருவர் மறைந்தாலும் அங்கேயே இருக்கும், அவற்றைத் தேடிக் கட்சிக்காரரின் பேரனும் வருவான். சென்னையில் வக்கீல்கள், அதாவது பாரிஸ்டர் பட்டமில்லாத உள்நாட்டு வழக்கறிஞர்கள், அசல் பிரிவிலும் தாங்களே வழக்கை நடத்தி, தாங்களே வாதாடும் உரிமையைப் பெற்றார்கள். அட்டர்னிகள் எதிர்த்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. அதனால் 1908இல் தொடங்கிய கிங் அண்ட் பார்ட்ரிட்ஜ் போன்ற சில நிறுவனங்களைத் தவிர அந்த மரபு இங்கே பெரிதாக வேர்பிடிக்கவில்லை. மும்பை, கொல்கத்தாவில் அது வழக்கறிஞர்கள் சட்டத்துக்கு 1976இல் வந்த திருத்தம் வரை உயிரோடிருந்தது. மாவட்ட நீதிமன்றங்களில் இந்தப் பிரிவினையே கிடையாது, வக்கீலே எல்லாம். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பாரிஸ்டர் பட்டமில்லாத வி. பாஷ்யம் ஐயங்கார் அரசின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரலாகத் தற்காலிகமாக உயர்ந்தது இந்தச் சென்னை வழக்கத்தில்தான். நிறுவனத்தை இழந்து வக்கீலைப் பெற்றோம் என்றே கொள்கிறேன்.

வரலாறு எழுதப்படாததற்கு இரண்டு தடைகளைச் சொல்லலாம். கட்சிக்காரர் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, அந்தக் கடமை வழக்கறிஞரின் பணி முடிந்த பிறகும் தொடரும் என்றது. 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 132ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. மற்றொன்று, வழக்கறிஞர்களை நெறிப்படுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின், விளம்பரத்தைத் தடுக்கும் 36ஆம் விதி. பெயர்ப்பலகையின் அளவு நியாயமாக இருக்க வேண்டும், முன்பு நீதிபதியாக இருந்ததைக்கூட அதில் குறிப்பிடக் கூடாது என்பது வரை அது போகிறது. உங்கள் மலரை அச்சுக்கு அனுப்புமுன் அந்த விதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இனி, எங்கிருந்து தொடங்குவது என்பது. படங்களை விடுங்கள், மாலை போட்ட படங்களெல்லாம் ஒரே முகமாகத்தான் இருக்கும். குமாஸ்தாவின் நாட்குறிப்பைத் தேடுங்கள். அப்படி ஒன்றை நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். வழக்கு எண், நீதிமன்றம், ‘எதிருரைக்கு’, ‘சாட்சிக்கு’, ‘படி வாங்க’ என்று இரண்டொரு சொற்கள், அடுத்த வாய்தா. முடிந்த வழக்கின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. மூன்று சீனியர்களின் காலத்திலும் கையெழுத்து ஒன்றுதான். நூறாண்டு என்று நீங்கள் கொண்டாடப் போகும் தொடர்ச்சியில் பெரும்பகுதி அந்தக் கையெழுத்தினுடையது என்பது என் எண்ணம்.

அந்தப் பக்கங்களில் ஊரின் கதையும் இருக்கும். பிராமிசரி நோட்டு வழக்குகள் 1938ஆம் ஆண்டின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்துக்குப் பின் கடன் குறைப்பு மனுக்களாக மாறுவதைக் காணலாம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்ததும் குத்தகை பாக்கி வழக்குகளின் போக்கு மாறுவதும், பிற்பாடு மோட்டார் விபத்து மனுக்கள் பெருகுவதும் தெரியலாம். பெயர்களைத் தொடாமல் வழக்கின் வகைகளை மட்டும் ஆண்டுவாரியாக எண்ணினால் கட்சிக்காரர் ரகசியத்தைக் காக்கும் அந்தப் பிரிவோடு மோத வேண்டியதில்லை. மேல்முறையீட்டுக்குப் போன வழக்குகளுக்கு 1876 முதல் வெளிவந்த சென்னைத் தீர்ப்புத் தொகுதிகளும் 1891இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னலும் உண்டு. அவை வழக்கறிஞர் பெயர்களோடு அச்சான பொது ஆவணங்கள், தயங்காமல் மேற்கோள் காட்டலாம்.

தாத்தாவின் நாட்குறிப்புகள் அலுவலகத்தில் இல்லையென்றால் உங்கள் வீட்டுப் பரணில் பாருங்கள். கிடைத்தால், இப்போதைய சீனியரின் அனுமதியைப் பெற்றுக்கொண்டு, பழையதிலிருந்து தொடங்குங்கள்.