நோக்கியா மென்பொருளில் தோற்ற கதை: கேள்வி பதில்

(நோக்கியாவின் ஸ்மார்ட்போன்களில் ஓடிய சிம்பியன் இயங்குதளத்தில் ஆறு ஆண்டுகள் நிரல் எழுதிய ஒருவர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு நல்ல மென்பொருளாளர்கள் கிடைக்கவில்லையா?

பதில்: கிடைத்தார்கள். ஆளில் குறையில்லை. ஆனால் கைபேசி செய்பவர் கணக்கில் மென்பொருளும் பேட்டரி, கேமரா போல ஓர் உதிரிபாகம். மாடல் கடைக்குப் போனதும் வேலை முடிந்தது. குழு அடுத்த மாடலுக்குப் போய்விடும். 2007-இல் வந்த முதல் ஐபோனில் எழுத்தை வெட்டி ஒட்டும் வசதிகூட இல்லை. எங்களுக்கு ஒரே சிரிப்பு. 2009-இல் அதே பழைய போனுக்கு அந்த வசதி அப்டேட்டாக வந்து சேர்ந்தது. எங்கள் சிரிப்பு அதோடு சரி.

கேள்வி: நோக்கியா என்97 மாடலில் 32 ஜிபி இருந்ததாமே, பிறகு ஏன் மந்தம் என்றார்கள்?

பதில்: அந்த 32 ஜிபி சேமிப்பிடம். செயலிகள் ஓடும்போது பயன்படும் நினைவகமான ரேம் 128 எம்பிதான். அதே 2009 ஜூனில் வந்த ஐபோன் 3ஜிஎஸ்ஸில் 256. நோக்கியா 1100 மட்டுமே 25 கோடிக்கு மேல் விற்றது; அந்த அளவில் ஒரு சில்லுக்கு நான்கு காசு மிச்சம் பிடித்தாலும் பெரும் பணம். நோக்கியாவை வளர்த்ததே இந்தச் சிக்கனம்தான், அதைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: சிம்பியனில் நிரல் எழுதுவது அவ்வளவு சிரமமா?

பதில்: வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டீர்கள். சிம்பியனின் வேர், 1997-இல் வந்த சயான் சீரிஸ் 5 என்ற கையடக்கக் கணினி. நினைவகம் 4 அல்லது 8 எம்பி, ஒரு பைட்டும் வீணாகக் கூடாது. அதனால் சாதாரண எழுத்துச் சரத்துக்கே டிபஃப், டிபிடிஆர், ஹெச்பஃப்சி என்று பல வகைகள். பிழை வந்தால் பாதியில் வெளியேறக்கூடிய செயற்கூறின் பெயர் 'எல்' என்று முடிய வேண்டும். முடியாவிட்டால் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் வாய் திறக்காது, நாமே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். எடுத்த நினைவகத்தை, பிழை வந்தால் விடுவிக்க வேண்டியவற்றின் பட்டியலான 'கிளீனப் ஸ்டாக்'கில் போட்டுவைக்க மறந்தால் கசிவு, அதாவது அது திரும்பக் கிடைக்காது. சி++ நிரல்மொழியைக் கரைத்துக் குடித்தவர்களும் இங்கே அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார்கள். நினைவகம் பெருகிய பிறகும் இந்த விதிகள் போகவில்லை.

கேள்வி: ஆப்பிளும் நோக்கியா போல பெட்டி, அதாவது கருவி, விற்கும் நிறுவனம்தானே?

பதில்: விற்பது பெட்டி, ஆனால் 1984 மேக்கிலிருந்தே இயங்குதளம் அதன் சொந்தச் சரக்கு. ஐபோனுக்குள் இருக்கும் இயங்குதளத்தின் வேர், ஆப்பிள் 1996-இல் வாங்க முடிவு செய்த நெக்ஸ்ட் நிறுவனத்தின் மேசைக் கணினி இயங்குதளம். அவர்கள் பெரிய வீட்டைச் சுருக்கினார்கள். நாங்கள் ஓட்டு வீட்டின் மேல் மாடி கட்டினோம்.

கேள்வி: நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை மூடியதும் இதனால்தானா?

பதில்: பாதி. மீதி வரித் தகராறு. 2014 ஏப்ரலில் கைபேசிப் பிரிவு மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது வழக்கில் சிக்கிய அந்த ஆலை போகவில்லை. நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது.